மண் இல்லாத் தோட்டத்துக்கு எரு: மக்கிய பின் இடுங்கள்

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கோவையில் தம் வீட்டு மாடியில் இருபது பைகளில் தக்காளி வைத்திருந்தார். பையில் மண் கிடையாது. கழுவிய தென்னை நார்க்கழிவு மட்டுமே. செடிக்குச் சத்து சேரட்டும் என்று கோழிப்பண்ணையிலிருந்து புது எருவை வாங்கி வந்து, பைக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார். ஐந்தாம் நாள் இலை ஓரம் கருகியது. பத்தாம் நாள் மூன்று செடிகளே மிஞ்சின.

"எங்கள் அப்பா வயலுக்கு வண்டி வண்டியாக எரு அடித்தாரே ஐயா, அங்கே ஒன்றும் கருகவில்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாடித் தோட்டம் போடுவோர் அனைவரும் இதற்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும்.

மண் செய்யும் வேலை

எருவிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியைச் செடி அப்படியே உண்ண முடியாது. நுண்ணுயிர்கள் அதை முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். வயல் மண்ணில் இந்த உயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. மிகுதியான அம்மோனியாவைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்கிறது. தவிர, வயலுக்கு எரு அடிப்பது விதைப்புக்குப் பல வாரம் முன்பு.

நார்க்கழிவில் இந்தப் பாதுகாப்பு குறைவு. கோழி எச்சத்தில் சிறுநீரும் கலந்தே வருவதால் அம்மோனியா விரைந்து கிளம்பி, சிறிய பைக்குள் வேரைச் சுடுகிறது. எருவின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, மண் செய்யும் வேலையை நாமே எருக்குழியில் முன்கூட்டிச் செய்து முடிக்க வேண்டும்.

நீரில் மட்டும் வளரும் பயிருக்கும் இது பொருந்தும். அங்கக உரத்தை நீர்வழி வேளாண்மையில் பயன்படுத்தும் முறையை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். அவர்களும் முதலில் நுண்ணுயிர்களை நீரில் பெருக்கிய பிறகே செடியை நட்டார்கள்.

மக்க வைக்கும் முறை

சாணம், ஆட்டுப் புழுக்கை, கோழி எச்சம் எதுவானாலும் காய்ந்த இலை, வைக்கோலுடன் கலந்து நிழலில் குவியலாகப் போடவும். பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டவும். குவியலின் உட்புறம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழியும். புரட்டும்போது வெளிப்புறத்தை உள்ளே தள்ளுவது இதற்காகவே. இரண்டு மூன்று மாதத்தில் நாற்றம் நீங்கி, கறுத்து, உதிர்ந்து வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சட்டியில் இந்த எருவையும் நார்க்கழிவையும் சம அளவு கலந்து பத்து முள்ளங்கி விதை போடுங்கள். எட்டாவது முளைத்துப் பச்சையாக நின்றால் எரு தயார்.

எவ்வளவு இடுவது?

20 லிட்டர் பைக்கு, நன்கு கழுவிய நார்க்கழிவு மூன்று பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். ஒரு பங்கு என்பது 5 லிட்டர். சுமார் 3 கிலோ இருக்கும். தொழு உரத்தில் தழைச்சத்து 0.5 சதவீதம். எனவே பையில் சேர்வது 15 கிராம். முதல் பயிருக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 கிராம் மட்டுமே.

ஒரு டன் தக்காளிப் பழத்துக்குச் சுமார் 3 கிலோ தழைச்சத்து தேவை. செடிக்கு 3 கிலோ பழம் எடுக்க வேண்டுமானால் 9 கிராம் வேண்டும். பற்றாக்குறை 4 கிராம். மக்கி உலர்ந்த ஆட்டெருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 சதவீதம். நட்ட 20ஆம் நாள் முதல் 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு 100 கிராம் வீதம் நான்கு முறை மேலுரமாக இட்டால் கணக்கு நேராகும். மேலாகக் கிளறி விட்டு, பூவாளியால் நீர் தெளிக்கவும். அடியில் நீர் தேங்கினால் காற்றோட்டம் இன்றி நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடும். பையின் அடியில் துளைகள் அவசியம்.

கீரைக்குத் தனிக் கவனம்

அமெரிக்காவின் அங்கக வேளாண் விதிப்படி, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும். நம் முளைக்கீரையோ 25 நாளில் பறிக்கப்படுகிறது. ஆகவே கீரைக்கும், பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, முள்ளங்கிக்கும் பச்சைச் சாணக் கரைசல் ஊற்றவே கூடாது. குழந்தைகள் உண்ணும் உணவு என்பதை மறக்க வேண்டாம்.

அந்த ஆசிரியர் கருகிய பைகளைக் கொட்டி, காய்ந்த இலை சேர்த்துக் குவியல் போட்டார். மூன்று மாதம் கழித்து அதே கோழி எருவைக் கைப்பிடி அளவில் இட்டுக் கத்தரி வைத்தார். இம்முறை இருபது செடிகளும் நின்றன. எருவில் குறை இல்லை, அவசரத்தில்தான் குறை.