எருமைப் பாலும் கோயிலும்

கழுகுமலைப் பக்கத்துக் கரிசலில் அறுப்பு முடிந்தால் ஆட்டுக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். அங்கே கால்நடை உரத்துக்கு என்றால், நீலகிரி மலையில் வாழும் தோடர்களுக்கோ எருமை என்றால் அதுவே வழிபாடு. பால் கறந்து தயிர் கடையும் கொட்டில்தான் அவர்கள் கோயில். அதைக் கவனிப்பவரே பூசாரி. உள்ளே பெண்களுக்கு அனுமதி இல்லை.

பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் வாழும் கலாஷ் மக்களிடமும் ஏறக்குறைய இதே கட்டுப்பாடு உண்டு. அங்கே ஆட்டுக் கொட்டிலுக்குள் பெண்கள் போகக்கூடாது. கலாஷ் மக்கள் நாலாயிரம் பேர் அளவில்தான். தோடர்கள் அதிலும் பாதி. ஒட்டுறவே இல்லாத இரண்டு மலைச் சமூகங்கள், மேய்ச்சல் மட்டும் பொது!

தோடர் ஊருக்கு மந்து என்று பெயர். பழைய வீடு, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல வளைந்திருக்கும். வாசலோ மிகச் சிறியது, தவழ்ந்துதான் நுழையவேண்டும். ஊட்டிக் குளிருக்கு அது நல்ல யோசனைதான்.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு போட்டுக்கொள்வதில்லை, இழை எண்ணியே ஊசி ஓடும். இந்த வேலைப்பாடு உள்ள போர்வையின் பெயர் பூத்துக்குளி. விழாவுக்கும் அதுதான், இறந்தவர் உடலைப் போர்த்தவும் அதுதான்.