பூனையும் எலியும் ஏன் கறுப்பு?

ஃபெலிக்ஸ் பூனை, ஆஸ்வால்ட் முயல், மிக்கி எலி. மூவரையும் வரிசையாக நிறுத்தி, காதை மட்டும் மறைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் என்றே சொல்லிவிடலாம். கருகருவென்று உடம்பு, வெள்ளை முகம், உருண்டைத் தலை, எலும்பே இல்லாத குழாய்க் கைகால். ஃபெலிக்ஸ் 1919இல் நியூயார்க் ஸ்டுடியோ ஒன்றில் பிறந்தவன். மற்ற இருவரும் எட்டொன்பது வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர்கள். முன்னவனைப் பார்த்துப் பின்னவர்களைப் போட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. மீதியைச் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பேசாப்படக் காலத்தில் விநாடிக்குச் சுமார் 16 ஃபிரேம் ஓடும், நிமிஷத்துக்கு 960. ஒரே ஓவியத்தை இரண்டு தடவை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும் 480 ஓவியம் வேண்டும். ஆறு நிமிஷப் படம் என்றால் மூவாயிரத்தைத் தொட்டுவிடும். பாரிஸில் எமில் கோல் 1908இல் செய்த ‘ஃபாண்டாஸ்மகோரி’ இரண்டு நிமிஷம்கூட ஓடாது. அதற்கே சுமார் 700 ஓவியம். அத்தனைக்கும் அதில் வருவது வெறும் கோட்டு மனிதன்தான், பின்னணியும் கிடையாது.

அமெரிக்காவில் வின்சர் மெக்கே இந்தக் கணக்குக்கு அசரவில்லை. பத்திரிகை ஓவியர், மின்னல் கை. கெர்டி என்ற டைனோசரை வரைந்து, 1914இல் மேடை மேடையாகக் கொண்டுபோனார். சவுக்கோடு திரைக்கு அருகில் நின்று ஆணையிடுவார். கெர்டி தலைகுனியும், காலைத் தூக்கும், அதட்டினால் அழும். முடிவில் மெக்கே திரைக்குப் பின்னால் நழுவுவார். உடனே திரையில் ஓவிய மெக்கே தோன்றி டைனோசரின் மேலேறிப் போவார். இன்றைக்குப் பார்த்தாலும் பிரமிப்புதான்.

அந்தப் படத்தில் கெர்டிக்குப் பின்னால் இருக்கும் பாறைகள் அசைவதே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தாளிலும் அவற்றைத் திரும்ப வரைந்தாக வேண்டும். அந்த வேலைக்கு ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற ஓவிய மாணவரை அமர்த்தினார் மெக்கே. ஆயிரக்கணக்கான தாள்கள், எல்லாவற்றிலும் அதே பாறை. எனக்கு கெர்டியைவிட அந்தப் பையன் மேல்தான் பாசம்.

அதே 1914இல் எர்ல் ஹர்ட் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரு தடவை வரைந்தால் போதும். அசைகிற உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வரைந்து அதன்மேல் போட்டுப் படம்பிடிக்கலாம். ஸ்டுடியோ முதலாளி ஜான் ப்ரேயோடு கூட்டுச் சேர்ந்து, இந்த முறையைப் பயன்படுத்திய மற்ற ஸ்டுடியோக்களிடம் கட்டணமும் வசூலித்தார்.

பாறைத் தொல்லை தீர்ந்தது. ஆனால் உருவத்தை யாராவது மூவாயிரம் தடவை வரைந்துதானே ஆக வேண்டும்? உடம்பைக் கோடுகளால் வரைந்தால் தாளுக்குத் தாள் கோடு மயிரிழை விலகும், திரையில் உருவம் நடுங்கும். மை அப்பிக் கறுப்பாக்கிவிட்டால் உள்கோடுகளே வேண்டாம், அசைவும் துல்லியமாகத் தெரியும். ஃபெலிக்ஸை வரைந்த ஆட்டோ மெஸ்மர் கறுப்பைத் தேர்ந்தது இதனால்தான். ஆரம்பத்தில் ஃபெலிக்ஸுக்கு நரி மாதிரி கூர்கூரான உடம்பு. 1924 வாக்கில் பில் நோலன் என்ற ஓவியர் அதை உருண்டையாக்கினார். உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுலபமாக வரையலாம். மிக்கியின் காதுகளைக் கவனியுங்கள், அவன் எப்படித் திரும்பினாலும் இரண்டும் வட்டம்தான். முழங்கை இருந்தால் மடிப்பு வரைய வேண்டும், ஆகவே கை குழாயானது. ஐந்து விரல் நான்கானது. அழகு என்று நாம் ரசிப்பதில் பெரும்பகுதி வரைபவர்களின் மணிக்கட்டு வலி தீர்மானித்தது.

முழுவதும் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக் கையுறையைப் பாருங்கள். மிக்கிக்கு அது 1929இல், ‘ஆப்ரி ஹவுஸ்’ படத்தில் வந்தது. கறுப்பு நெஞ்சின் மேல் கறுப்புக் கை தெரியாது என்பது நியாயமான காரணம். ஆனால் கரிய நிறம், பெரிய வாய், வெள்ளைக் கையுறை மூன்றும் சேர்ந்த உருவம் அமெரிக்கர்களுக்குப் பழகிய ஒன்று. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த ‘மின்ஸ்ட்ரல்’ மேடைக் கூத்தின் வேஷம் அது. அந்த மேடையைப் பார்த்து வளர்ந்த கைகள்தாம் கார்ட்டூனையும் வரைந்தன. இதைச் சொல்லாமல் தாண்டிப்போகிற வரலாறுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

இத்தனை பாடுபட்டவர்களுக்குப் பெயர் கிடைத்ததா என்றால், அது தனிச் சங்கதி. ஃபெலிக்ஸ் படங்களில் முதலாளி பாட் சல்லிவனின் பெயர்தான் வரும். மெஸ்மரின் பங்கை உலகம் அறியப் பல பத்தாண்டுகள் ஆயின. சல்லிவனே படைத்தார் என்று வாதாடுவோர் அவர் பிறந்த ஆஸ்திரேலியாவில் இன்றும் உண்டு. டிஸ்னியில் செல்லுலாய்டு தாளில் மையிட்டு வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். படத்தில் அவர்கள் பெயர் வந்ததில்லை.

வால்ட் டிஸ்னியே ஒருமுறை பறிகொடுத்தவர்தான். 1928 தொடக்கத்தில், ஆஸ்வால்ட் படங்களுக்குக் கூடுதல் தொகை கேட்க நியூயார்க் போனார். விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ் தொகையைக் குறைக்கப் பார்த்தார். அதற்குள் டிஸ்னியின் ஓவியர்களில் பலரைத் தன் பக்கம் இழுத்தும் வைத்திருந்தார். முயலோ யுனிவர்சல் நிறுவனத்தின் சொத்து. போகாமல் நின்ற அப் ஐவர்க்ஸ் கிட்டத்தட்டத் தனியாளாக உட்கார்ந்து வரைந்து தள்ளியதுதான் மிக்கியின் முதல் படமான ‘பிளேன் கிரேஸி’. ஆனால் முதலில் வெளியானது ஒலியோடு வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’தான், 1928 நவம்பர் 18இல்.

ஆஸ்வால்ட் வீடு திரும்ப 2006 வரை ஆயிற்று. டிஸ்னி நிறுவனம் தன் தொலைக்காட்சியில் இருந்த அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளரை, யுனிவர்சலோடு இணைந்திருந்த என்பிசி தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு முயலும் சில ஒளிபரப்பு உரிமைகளும் இந்தப் பக்கம் வந்தன.