பழைய கணினியின் மின்வழங்கியும் வன்னியின் பதிவேடுகளும்

பழைய இரும்பு வாங்குவோரின் வாகனம் வன்னிக் கிராமங்களுக்கு வரும்போது, உடைந்த துவிச்சக்கரவண்டிச் சட்டத்தோடும் துருப்பிடித்த தகரத்தோடும் பழைய கணினிகளும் நிறைக்கு விற்கப்படுவதுண்டு. ஆளியை அழுத்தினால் அசைவில்லை. ஆகவே அது பயனற்றது என்பது விற்பவரின் முடிவு. ஆனால், பல வேளைகளில் பழுதடைந்திருப்பது கணினியன்று. அதற்கு மின்னூட்டும் 'பவர் சப்ளை' எனப்படும் மின்வழங்கி மாத்திரமே. அதற்குள் நின்றுபோவதும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் ஓரிரு சிறு பாகங்களே. அந்தப் பெட்டியோடு சேர்த்து நாம் எதை நிறுத்து விற்கிறோம் என்பதே இங்கு எழும் கேள்வி.

வன்னியில் மின்சாரத்தின் கதை எத்தகையது என்பதை வாசகர்கள் அறிவர். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோ மின்னில் வானொலி கேட்டார்கள். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்படும் வரையிலான காலத்தில் கணினிகள் பல இப்பகுதிக்கு வந்துசேர்ந்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அவை பெரும்பாலும் ஜெனரேற்றரிலேயே இயங்கின. ஜெனரேற்றர் தரும் மின்னழுத்தம் ஏறியிறங்கும் இயல்புடையது. அதனுடன் வன்னியின் வெக்கையும் செம்மண் தூசியும் சேர்ந்துகொண்டன. மின்வழங்கியின் ஆயுளைக் குறைப்பதற்கு இவை மூன்றும் போதும்.

மின்வழங்கி செய்யும் வேலை யாது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக்கிப் பெரிய கொள்ளளவிகளில் தேக்குகிறது. பின்னர் அதனை மிக வேகமாக வெட்டி, சிறிய நிலைமாற்றி ஒன்றினூடாகச் செலுத்தி, கணினிக்குத் தேவையான 5 வோல்ற்றாகவும் 12 வோல்ற்றாகவும் இறக்குகிறது. கொள்ளளவியின் உள்ளே இருக்கும் ஈரமான மின்பகுபொருள் வெப்பத்தினால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வற்றுகிறது. தலைப்பகுதி புடைத்து அல்லது அடியில் கசிந்து நிற்கும் கொள்ளளவியே பழுதின் முதல் அடையாளமாகும். 1999 முதல் சில ஆண்டுகள் உலகச் சந்தையில் தரங்குறைந்த கொள்ளளவிகள் பெருமளவில் புகுந்தமையால், அக்காலக் கணினிகளில் இப்பழுது அதிகம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. செருகியைக் கழற்றிய பின்னரும் அந்த 325 வோல்ற்று உள்ளே தேங்கி நிற்கக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது. ஆகவே பயிற்சியற்றவர் மின்வழங்கியின் மூடியைத் திறத்தல் ஆகாது. தொழில் தெரிந்தவரும் கொள்ளளவியைத் தடையொன்றினூடாக வெறுமையாக்கி, பல்மானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியவை வேறு. நீண்டகாலம் முடங்கிக் கிடந்த கணினியை உடனே மின்னில் செருகாதீர்கள். மின்வழங்கியின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிறு ஆளி இருப்பின் அது 230 இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115 இல் நின்றால், செருகிய கணத்திலேயே கொள்ளளவிகள் வெடிக்கக்கூடும். வன்தட்டுக்குச் செல்லும் மின்வயரைக் கழற்றி வையுங்கள். பழுதான மின்வழங்கி பிழையான அழுத்தத்தை அனுப்பினால், கணினி மட்டுமன்றி அதன் நினைவும் அழிந்துவிடும்.

திருத்துநர் கவனிக்கவேண்டியவையும் உள. உருகி எரிந்திருந்தால் புதிய உருகி போடுவதோடு வேலை முடிவதில்லை. பெரும்பாலும் சீராக்கியோ வெட்டும் திரான்சிஸ்ரரோ குறுக்குச்சுற்றாகியிருக்கும். உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது தீயை வரவழைப்பதாகும். மாற்றும் கொள்ளளவி அதே கொள்ளளவுடையதாகவும், குறையாத வோல்ற்று அளவும் 105 பாகை வெப்பத் தாங்கலும் உடையதாகவும் இருத்தல் வேண்டும். நேர், மறை முனைகள் மாறலாகாது. திருத்திய பின்னர் முதன்முறை மின்னேற்றும்போது இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்தால், உள்ளே குறுக்குச்சுற்று எஞ்சியிருப்பின் குமிழ் பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், பாகங்கள் தப்பும். சிவப்பு வயரில் 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையிலும், மஞ்சள் வயரில் 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையிலும் அழுத்தம் நின்றால் மாத்திரமே கணினியுடன் இணைக்கலாம். 1990 களின் நடுப்பகுதிக்கு முந்திய கணினிகளில் தாய்ப்பலகைக்குச் செல்லும் இணைப்பிகள் இரண்டு இருக்கும். அவற்றின் கறுப்பு வயர்கள் நடுவில் அருகருகே அமையவேண்டும். மாறினால் தாய்ப்பலகை எரிந்துவிடும்.

வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் வாசித்துவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். இயலுமாயின் அதுவே முதல்வழி. எனினும், மிகப் பழைய வன்தட்டுகளைப் புதிய இணைப்பிகள் ஏற்பதில்லை. பழைய கணக்கு மென்பொருளில் எழுதப்பட்டவை அந்தக் கணினியிலன்றி விரியாமற் போவதுமுண்டு. திறந்த கோப்பில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மாத்திரம் தோன்றினால், கோப்புக் கெட்டுவிட்டதாக எண்ணி அழித்துவிடாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட தமிழாக இருக்கலாம். யுனிகோட்டுக்கு மாற்றினால் மீண்டும் வாசிக்கலாம்.

அவ்வாறு மீள்வது எது? 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதி மாதங்களில் வன்னி மக்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் புகைப்படங்களையும் இழந்து வெறுங்கையோடு வெளியேறினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அவ்வாறே வெறுங்கையோடு புத்தளம் சென்றனர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அவர்களுள் அடங்குவர். தாம் வாழ்ந்த மண்ணில் தமக்கு இருந்த உரித்தை நிறுவுவதற்குக் கடதாசி தேடி அலைந்த அனுபவம் இரு சமூகங்களுக்கும் பொதுவானது. பாடசாலையின் அனுமதிப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல், பள்ளிவாசல் ஜமாஅத்தின் குடும்ப விபரம், முகாமொன்றின் பெயர்ப்பட்டியல், காணாமற் போன பிள்ளையின் ஒரேயொரு புகைப்படம் - இவற்றுள் ஏதேனும் ஒன்று அந்தத் தூசி படிந்த பெட்டிக்குள் இருக்கக்கூடும்.

திருத்தும் கைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன; வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இவற்றின் மாணவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் ஊர் ஊராகப் பழைய கணினிகளைப் பரிசோதிக்கும் முகாம்களை நடத்தினால் அது பெரும் பணியாகும். மீட்கப்படும் பொது ஆவணங்களைப் பேணுவதற்கு, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவை உள்ளன. தனிப்பட்ட விபரங்கள் உரியவரின் சம்மதமின்றி வெளியே செல்லலாகாது என்பதையும் சேர்த்தே வலியுறுத்துகிறோம்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டு, டொலர் தட்டுப்பாட்டினால் உதிரிப்பாகங்களின் விலை எகிறியபோது, திருத்திப் பயன்படுத்தும் பழக்கத்தின் பெறுமதியை நாடு முழுவதும் உணர்ந்தது. வன்னி மக்கள் அதனை மூன்று தசாப்தங்களுக்கு முன்னரே கற்றுக்கொண்டவர்கள். பழைய இரும்பு வாகனம் அடுத்த முறை படலையில் வந்து நிற்கும்போது, பெட்டியைத் தராசில் ஏற்றுமுன் ஒருவரிடம் காட்டிப் பாருங்கள் என்பதே நமது வேண்டுகோள். இரும்புக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். உள்ளே இருக்கும் பெயர்களை மீண்டும் எழுதித்தர எவராலும் இயலாது.