பெண் பார்க்கப் போன பேட்டரி!

வைகை அணையில் ஒரு ராத்திரி தங்கலாம் என்பது என் யோசனைதான் ஸார். இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு, கம்பத்தில் நண்பனுக்குப் பெண் பார்க்கும் படலம். பத்தரைக்குள் நல்ல நேரம். சனிக்கிழமை சாயங்காலமே மதுரையிலிருந்து வேனில் கிளம்பினோம். சாதா வேன் இல்லை. பின் ஸீட்டைக் கழற்றி மெத்தை, இரண்டு ஃபேன், குட்டி ஃப்ரிஜ் வைத்த 'நடமாடும் வீடு'! 1959-ல் திறந்த அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் கேட்டு அவர் கடையோரமே வண்டியைப் போட்டுத் தூங்கினோம்.

காலை எட்டு மணி. சாவியைத் திருகினால் 'டக்'! அவ்வளவுதான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி மாப்பிள்ளையே தள்ளியும் பலனில்லை.

ஆண்டிபட்டி மெக்கானிக் அண்ணன் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒத்த பேட்டரிய வச்சு ராத்திரி பூரா குடும்பம் நடத்தியிருக்கீகளே தம்பி!"

பிறகுதான் கணக்கே புரிந்தது. எங்களுடையது 12 வோல்ட், 65 ஆம்பியர் அவர். பெருக்கினால் 780 வாட் அவர். ஃபேன், லைட், ஃப்ரிஜ் சேர்ந்து 100 வாட் என்றால் எட்டு மணி நேரத்தில் காலி! இஞ்சினைக் கிளப்பும் பேட்டரி ஒரே மூச்சில் நிறையக் கரண்ட் தருவதற்கானது. ராத்திரி முழுக்கச் சுரண்டினால் ஆயுசும் குறையும்.

"வீட்டுக்குத் தனி பேட்டரி போடுங்க. இன்வெர்ட்டருக்குப் போடுற டியூபுலர்னா 100 ஆம்பியர்ல பாதியத்தேன் எடுக்கணும். லித்தியம்னா முக்காலுக்கு மேலயே எடுக்கலாம்; ஆனா அதுக்குன்னு சார்ஜர் வேணும். வண்டி ஓடுறப்ப ரெண்டும் சார்ஜ் ஏறணும், நின்னா பிரிஞ்சிரணும். அதுக்கு ஐசொலேட்டர் இருக்கு."

வயரிலும் கஞ்சத்தனம் கூடாதாம். 12 வோல்ட்டில் 200 வாட் இழுத்தாலே சுமார் 17 ஆம்பியர். மெல்லிய வயர் சூடேறிவிடும். ப்ளஸ் முனையை ஒட்டியே ஃப்யூஸ். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது கடைசியில். டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். மெத்தைக்கு அடியில் அடைத்து வைக்காதீர்கள்!

தன் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்துக் கிளப்பிவிட்டார். கம்பம் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். பெண்வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் வேட்டியெல்லாம் கிரீஸ். தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னான்.

காபித் தட்டோடு நின்ற பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள்: "ஃப்யூஸாவது போட்டிருந்தீங்களா?"

டிரிபிள் ஈ படித்தவளாம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான்; நான் காபியைப் பார்த்தேன்.