நுரை மெத்தையும் நம் கோடையும்



நான் வாழும் ஆர்.கே.பேட்டை, தறியோசை கேட்டுத் துயிலெழும் ஊர். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தறியைப் பற்றியதன்று. நாளெல்லாம் உழைத்த உடலைச் சாய்க்கும் படுக்கையைப் பற்றியது. 'படுக்கையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கின்றது?' என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பௌதிகம், இரசாயனம், உடல்நூல், கணக்கு ஆகிய நான்கு பாடங்களும் ஒரு மெத்தைக்குள் அடங்கியிருக்கின்றன என்பதைச் சிறிது பொறுத்துக் கேட்டால் உணர்வீர்கள்.

என் இளமையில் மெத்தை வாங்குவது எளிய செயல். வில்லும் கையுமாகப் பஞ்சடிப்பவர் தெருவில் வருவார். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இலவம் பஞ்சு எத்தனை கிலோ வேண்டும் என்பது ஒன்றே அன்று கேள்வி. இலவு காத்த கிளிக்குக் கிடைக்காத பயன் நமக்குக் கிடைத்தது. இன்றோ கடையினுள் நுழைந்தால் தென்னை நார், இரப்பர்ப் பால் நுரை, சுருள்வில், மெமரி ஃபோம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் கடைசியாகச் சொன்னதே விலையிலும் விளம்பரத்திலும் முன்னிற்கின்றது. தமிழில் அதனை 'நினைவு நுரை' எனலாம்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கின்றான். நால்வர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறை. ஒரு வாரம் பகற்பணி, மறு வாரம் இரவுப்பணி. இரவுப்பணி வாரங்களில் அவன் உறங்குவது காலை 8 மணிக்கு மேல். சென்ற கோடையில் ஊருக்கு வந்தபோது, "ஐயா, நினைவு நுரை மெத்தை ஒன்றைத் தவணையில் எடுக்கலாம் என்றிருக்கின்றேன். விண்வெளி வீரர்கள் படுத்துறங்கும் மெத்தை அது என்று கடையில் சொல்கின்றார்கள். வாங்கலாமா?" என்று வினவினான். பல மாதத் தவணை; அதைவிடப் பெரிது, உறங்காத கண்ணோடு இயந்திரத்தின் முன் நிற்கும் ஆபத்து. எனவே 'வாங்கு', 'வாங்காதே' என்று ஒரு சொல்லில் விடை கூறாமல், அவனை உட்கார வைத்து விளக்கினேன். அவ்விளக்கத்தையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் மெத்தையின் கடமை யாது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுக்கக் கிடைப்பது என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கின்றீர்கள். வெறும் பலகையில் மல்லாந்து படுத்தால் உடலின் எடை முழுவதும் தலையின் பின்புறம், தோள், இடுப்பு, குதிகால் ஆகிய சில இடங்களிலேயே ஊன்றுகின்றது. பரப்பு குறைவு, ஆகவே அழுத்தம் மிகுதி. அவ்விடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும். உடல் நம்மை அறியாமலே புரண்டு படுக்கும். மெத்தை செய்வதெல்லாம் உடலைத் தாங்கும் பரப்பைக் கூட்டுவதுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இடுப்பு ஓரளவு அமிழலாம். தொட்டிலில் கிடப்பது போல முதுகெலும்பு வளைந்துவிடலாகாது. அமிழ்வதும் தாங்குவதும் ஒருங்கே நிகழ வேண்டும்.

இனி நினைவு நுரையின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் பாலியூரித்தேன் என்னும் பொருளை ஆக்கும் முறையைக் கண்டனர். பாலியால், ஐசோசயனேட் என்னும் இருவகைத் திரவங்களைச் சிறிது நீருடன் கலந்தால் கரியமில வாயு கிளம்பும். புளித்த இட்லி மாவு பாத்திரத்தில் பொங்குகின்றதே, அதிலும் இதே வாயுதான். பொங்கிய நிலையில் இறுகியது நுரை. சாதாரண 'ஸ்பாஞ்சு' மெத்தைகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்னும் பொறியியலறிஞர் இந்த நுரையில் ஒரு புது வகையை உருவாக்கினார். நோக்கம் யாதெனில், விமானத்தின் இருக்கைகளில் அமர்வோர் மோதலின் போது அடிபடாமலும், நெடுநேரம் அமர்ந்தாலும் வருந்தாமலும் இருக்க வேண்டும் என்பதே. ஆகவே விண்வெளியோடு இதற்கு உறவு உண்டு. ஆயினும் இது விண்வெளி வீரர்களின் படுக்கையாகப் பிறந்ததன்று. பின்னர் மருத்துவமனைப் படுக்கைகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் பயன்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் இதன் செய்முறை பொதுவுடைமையாக்கப்பட்டது. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று அதனை மேலும் செப்பம் செய்து, 1991-இல் மெத்தையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள்: இது மெத்தையானது சுவீடனில், ஆண்டிற் பல மாதம் பனி பெய்யும் நாட்டில்.

இந்நுரைக்கு 'நினைவு' என்று பெயர் வந்த காரணம் சுவையானது. இரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்கு வருகின்றது, அது மீள்தன்மை. வெல்லப்பாகில் கரண்டியை அழுத்தி எடுத்தால் மெல்லவே நிரம்புகின்றது, அது பாகுநிலை. நினைவு நுரையில் இவ்விரண்டும் கலந்துள்ளன. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் கையின் வடிவம் சில கணம் நின்று பின் மறைகின்றது.

வெல்லப்பாகு என்றேன் அல்லவா? அந்த உவமையை இன்னும் சிறிது நீட்டுவோம். இங்கேதான் செய்தி முழுவதும் இருக்கின்றது. பாகு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். நினைவு நுரையும் அவ்வாறே. ஒவ்வொரு பலபடிப் பொருளுக்கும் விறைப்பு நீங்கி இளகத் தொடங்கும் வெப்பநிலை ஒன்றுண்டு. சாதாரண நுரையில் அந்நிலை உறைபனிக்கும் மிகக் கீழே இருப்பதால் அறையின் குளிரும் சூடும் அதனைப் பெரிதாக மாற்றுவதில்லை. நினைவு நுரையிலோ அந்நிலை அறையின் வெப்பநிலையை ஒட்டியே அமையுமாறு செய்திருக்கின்றார்கள். குளிர்ந்த அறையில் அது விறைப்பாக இருக்கும். உடல் பட்ட இடம் மட்டும் உடற்சூட்டால் இளகி வளைந்து கொடுக்கும். சுற்றியுள்ள பகுதி விறைப்பாக நின்று தாங்கும். சுவீடனில் இது நயமான ஏற்பாடு.

நம் நாட்டில்? கோடைக்கால வானிலை அறிக்கையில் எங்களுக்கு அண்மையிலுள்ள திருத்தணியின் பெயரைக் கேளாதவர் இல்லை. 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே புதுமையன்று. ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையிலோ மெத்தை முழுவதுமே நம் உடல் படுவதற்கு முன்பே இளகிக் கிடக்கும். உடல் பட்ட இடம், படாத இடம் என்ற வேறுபாடு மங்குகின்றது. தாங்க வேண்டிய பகுதியும் அமிழ்ந்துவிடுகின்றது. இது ஒன்று. மற்றொன்று, நாம் உறக்கத்தில் ஆழ வேண்டுமானால் உடலின் உட்சூடு சற்றே இறங்க வேண்டும். அச்சூடு தோலின் வழியே வெளியேறுகின்றது. நுரை என்பது அடைபட்ட காற்று. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அதனுள் நாம் அமிழ அமிழ, காற்றுப் படும் தோற்பரப்பு குறைகின்றது. வியர்வை உலர வழியில்லை. கயிற்றுக் கட்டிலிலும் கோரைப்பாயிலும் படுத்த நம் முன்னோர் இந்தப் பௌதிகத்தை நூலிற் படிக்கவில்லை, முதுகால் அறிந்திருந்தனர்.

மெத்தைக் கடைகள் பல குளிர்சாதனம் பொருத்தியவை. அங்கே 24 பாகையில் நீங்கள் படுத்துப் பார்க்கும் மெத்தை வேறு. சித்திரை நண்பகலில் உங்கள் அறையில் கிடக்கப் போகும் மெத்தை வேறு. பொருள் ஒன்றே; நடத்தை இரண்டு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வெப்பமானியைக் காட்டவில்லை, அவ்வளவே. நீங்களே இதைச் சோதிக்கலாம். இரு சிறு நுரைத் துண்டுகளைக் கடைக்காரரிடம் மாதிரியாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் குளிர்பெட்டியிலும் மற்றொன்றை வெயில் நேரத் தாழ்வாரத்தில் நிழலிலும் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் மறைய எத்தனை விநாடி ஆகின்றது என்று எண்ணுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்திற் செய்யத் தக்க நல்ல சோதனை இது.

'குளிர்ச்சி தரும் ஜெல் கலந்தது' என்றும் விற்கின்றார்கள். படுத்த சிறிது நேரம் அது சூட்டை வாங்கிக்கொள்வது உண்மை. ஆயின் வாங்கிய சூட்டை அது எங்கே கொண்டு சேர்க்கும்? அறையே சூடாக இருந்தால் விரைவில் அதுவும் சூடாகிவிடும். நுரைக்கு மேலுள்ள உறை பருத்தியா, செயற்கை இழையா என்று பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. ஈரம் உறிஞ்சும் பருத்தி விரிப்பு ஒன்று இருந்தால் நன்று. நெசவாளர் ஊர்க்காரன் இதைச் சொல்வதில் சிறிது சுயநலம் இருக்கின்றது என்று நீங்கள் நகைத்தாலும் தாழ்வில்லை.

அடுத்தது கணக்கு. நுரையின் தரத்தை அறிய முதலிற் கேட்க வேண்டியது அதன் அடர்த்தி. ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதே அது. நல்ல நினைவு நுரை ஏறத்தாழ 50 முதல் 80 வரை இருக்கும். 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அங்குல உயரமுள்ள மெத்தையின் கன அளவு 9 கன அடி. ஒரு கன மீட்டர் சுமார் 35.3 கன அடி. ஆகவே நம் மெத்தை 0.255 கன மீட்டர். அடியில் 4 அங்குலம் 32 அடர்த்தியுள்ள சாதாரண நுரையும், மேலே 2 அங்குலம் 50 அடர்த்தியுள்ள நினைவு நுரையும் இருப்பதாகக் கடைக்காரர் கூறினால், உறை நீங்கலாக எடை 9.7 கிலோ வர வேண்டும். தராசில் 6 கிலோவே காட்டினால் அவர் சொன்ன இரண்டில் ஒன்றேனும் உண்மையன்று. சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து எடையைக் கூட்டும் தந்திரமும் இத்தொழிலில் உண்டு. ஆதலின் எடை குறைந்தால் ஐயுறலாம், எடை சரியாக இருந்ததனாலேயே ஐயம் நீங்கிவிடாது. மேலடுக்கு எத்தனை அங்குலம், அடியடுக்கு எத்தனை அங்குலம் என்று தனித்தனியே எழுதி வாங்குங்கள். ஒரு மெல்லிய படலத்தை மேலே ஒட்டி, மெத்தை முழுவதற்கும் அப்பெயரைச் சூட்டுவோரும் உளர்.

'முதுகு வலிக்குக் கட்டாந்தரையே மருந்து' என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். 2003-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனை ஆராய்ந்தது. ஸ்பெயின் நாட்டில், குறிப்பான நோயெதுவும் இன்றி நெடுநாள் இடுப்பு வலியால் வருந்திய 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குக் கடினமான மெத்தையும் மற்றவர்க்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் கொடுத்தனர். 90 நாட்களின் பின் நடுத்தர மெத்தையில் உறங்கியவர்களே மிகுந்த நலம் கண்டனர். தரையும் வேண்டா, புதைகுழியும் வேண்டா என்பது இதனாற் பெறப்படும்.

யார் வாங்குகின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர், உடல் மெலிந்தவர், எலும்பு உறுத்தலால் உறக்கம் கெடுபவர் ஆகியோர்க்கு மேலே ஓர் அடுக்கு நினைவு நுரை இதம் தரும். நோயிற் படுத்த முதியவர்க்குப் படுக்கைப்புண் வராமற் காக்கவும் துணை செய்யும். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் பணியை எந்த மெத்தையும் செய்யாது. தாமே புரண்டு படுக்க வலுவில்லாதவர் இதிற் புதைந்து எழ முடியாமல் தவிப்பதும் உண்டு. கைக்குழந்தையை ஒருபோதும் இதன்மேல் கிடத்தலாகாது. முகம் கவிழ்ந்தால் மூக்கும் வாயும் நுரையிற் புதைந்து மூச்சு முட்டும்; குழந்தைக்குத் தக்கது உறுதியான, சமமான படுக்கையே.

என் மாணவன் பகலிற் படுப்பவன், அறையோ மேல்மாடியில். ஆகவே இரப்பர்ப் பால் தெளித்து இறுக்கிய தென்னை நார் மெத்தை ஒன்றும், இரவற் பணத்தில் அன்றிக் கையிலுள்ள பணத்தில், சன்னலுக்குத் தடித்த திரை ஒன்றும் வாங்குமாறு கூறினேன். நாரின் இடையே காற்று ஓடும். உறுத்தினால் பின்னொரு நாள் மெல்லிய நுரை விரிப்பை மேலே சேர்த்துக்கொள்ளலாம். விலையும் அவன் கேட்ட மெத்தையை விடக் குறைவு. குளிர்சாதன அறையில் இரவு உறங்குபவனாக அவன் இருந்திருந்தால் என் விடை மாறியிருக்கும்.

சில நிறுவனங்கள் குறித்த நாட்களுக்குள் மெத்தையைத் திருப்பி வாங்கிக்கொள்கின்றன. அவ்வாய்ப்பு இருந்தால் வாங்கும் மாதம் மார்கழியாக இராமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை சில. புதிய நுரையில் எழும் இரசாயன வாடை நீங்க, சன்னல்களைத் திறந்து இரண்டொரு நாள் விரித்து வையுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப் போல வெயிலிற் போடாதீர்கள். சூரிய ஒளியில் பாலியூரித்தேன் மஞ்சளித்து உதிரும். நிழலும் காற்றும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையோடு தரையாகக் கிடக்கும் மெத்தையின் அடியில் பூஞ்சணம் பூக்கும். சட்டங்களுக்கிடையே இடைவெளியுள்ள கட்டிலின்மேல் இடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பினால் ஒரே இடம் பள்ளமாகாது. கொசுவர்த்திச் சுருளை மெத்தையின் அருகே ஏற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் மிகுதி. பாலியூரித்தேன் விரைந்து தீப்பற்றும்; எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். உறங்குபவன் தீச்சுடரைக் காணுமுன் புகையே அவனை வீழ்த்திவிடும். ஆதலின் சுருளை அறையின் மறுகோடியில், மண்சட்டியினுள் வையுங்கள். கொசுவலை கட்ட இயலுமாயின் சுருளே தேவையில்லை.