விமான நிலையத்துக்கு ஓர் இரட்டைப் பிறவி

விமான நிலையம் பார்வைக்கு ஒரே நிறுவனமாகத் தோன்றினாலும், உண்மையில் அது விமான நிறுவனங்கள், தரைப்பணி ஒப்பந்தக்காரர்கள், எரிபொருள் நிரப்புவோர், பாதுகாப்புப் படையினர், குடியேற்ற அதிகாரிகள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் என்று தனித்தனித் தலைமையும் தனித்தனிக் கணக்கும் உடைய பல அமைப்புகள் ஒரே வளாகத்தில் நடத்தும் கூட்டுப்பணியாகும். எரிபொருள் வண்டி பத்து நிமிடம் பிந்தினால் விமானத்தின் புறப்பாடும் பிந்தும். வண்டி பிந்தப்போவதை முதலில் அறிபவர் ஒருவராகவும், அதை அறிந்திருக்க வேண்டியவர் வேறொருவராகவும் இருப்பதால்தான் சிறு தாமதங்கள் பெருந்தாமதங்களாக வளர்கின்றன. இந்த இடைவெளியைத் தரவுகளின் துணைகொண்டு அடைக்கும் முயற்சியே 'டிஜிட்டல் இரட்டை' எனப்படும் தொழில்நுட்பம்.

ஒரு பொருளின் அல்லது அமைப்பின் நடப்பு நிலையை நொடிக்கு நொடி பிரதிபலிக்கும் கணினி உருவமே டிஜிட்டல் இரட்டை ஆகும். 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் இக்கருத்தை முன்வைத்தார். 2010-ஐ ஒட்டி நாசாவின் ஜான் விக்கர்ஸ் இதற்கு இப்பெயரை வழங்கினார். கட்டடக் கலைஞர் செய்யும் மாதிரி கட்டடத்தின் வடிவத்தை மட்டுமே காட்டும். இரட்டையோ, மெய்யான நிலையத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் உள்வாங்கித் தானும் மாறிக்கொண்டே இருக்கும். விமானங்கள் நொடிக்கு ஏறத்தாழ இருமுறை ஒலிபரப்பும் தங்கள் இருப்பிடக் குறிப்பு, தரைக்கண்காணிப்பு ரேடார், பயணச்சீட்டையும் பெட்டிகளின் பட்டைக்குறியையும் படிக்கும் கருவிகள், விமான நிறுத்துமிடங்களை நோக்கியிருக்கும் கேமராக்கள் ஆகியவை இதற்கு உணவாகின்றன. நடப்பதைக் காட்டுவதோடு, அடுத்த ஒரு மணி நேரத்தில் நடக்கக்கூடியதைக் கணித்துச் சொல்வதில்தான் இதன் பெரும்பயன் அடங்கியிருக்கிறது.

அக்கணிப்பின் மதிப்பை விளங்கிக்கொள்ள, புறப்படும் விமானங்களின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். ஓர் ஓடுபாதையிலிருந்து ஒரு மணி நேரத்தில் இத்தனை விமானங்கள்தான் எழும்ப முடியும் என்ற வரம்பு உண்டு. ஏனெனில், முன்செல்லும் விமானம் விட்டுச்செல்லும் காற்றுச்சுழல் அடங்குவதற்குப் பின்வருவது இடைவெளி விட வேண்டும். தரையில் நகரும் விமானங்களின் எண்ணிக்கை ஓர் அளவை எட்டிய பிறகு, மேலும் விமானங்களை அனுப்பினால் புறப்பாடுகள் கூடுவதில்லை, வரிசைதான் நீள்கிறது. நடுத்தர அளவுள்ள ஜெட் விமானம் ஒன்று எஞ்சின்கள் ஓடும் நிலையில் தரையில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பத்துப் பன்னிரண்டு கிலோ எரிபொருளை எரிக்கிறது என்பதால், அவ்வரிசை முழுவதும் வீணாகும் எரிபொருளாகவும் மாசாகவும் மாறுகிறது.

இதற்கான தீர்வு எளிய கருவிகளாலேயே சோதிக்கப்பட்டது. சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக விளங்கும் ஹம்சா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும், 2010 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில், எத்தனை விமானங்களை நிறுத்துமிடத்திலிருந்து பின்தள்ளலாம் என்பதைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கணித்து, அதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு வண்ண அட்டைகளின் வாயிலாக உணர்த்தினர். நான்கு மணி நேரம் வீதம் எட்டு முறை நடந்த சோதனையில், 247 விமானங்கள் சராசரியாக நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தன. அதனால் 12,250 முதல் 14,500 கிலோ வரை எரிபொருள் மிச்சமானதாக மதிப்பிடப்பட்டது. விமானம் ஒன்றுக்கு இது ஏறத்தாழ 50 முதல் 59 கிலோ. எங்கே காத்திருப்பது என்பதை மாற்றியதன் விளைவு இது. வரிசை உருவாகும் முன்பே அதைக் கணித்த அறிவுதான் அம்மாற்றத்துக்கு வழிசெய்தது.

இந்த அறிவைப் பல அமைப்புகளுக்கும் பொதுவாக்கும் முறை, 'கூட்டு முடிவெடுத்தல்' என்ற பெயரில் ஐரோப்பாவில் வேரூன்றியது. 2007-இல் மியூனிக் விமான நிலையம் அதை முதலில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. விமானச் சக்கரங்கள் உருளாமலிருக்க வைக்கப்படும் கட்டைகள் எடுக்கப்பட்டு விமானம் நகரத் தயாராகும் நேரமே இம்முறையின் அச்சாணி. விமான நிறுவனமோ தரைப்பணியாளரோ அந்நேரத்தை முன்கூட்டி அறிவிக்க, கணினி அதை ஓடுபாதையின் கொள்ளளவோடு பொருத்தி எஞ்சினை இயக்க வேண்டிய நேரத்தைத் தருகிறது. வரிசையில் இடம்பிடிக்கும் ஆசையால் ஒருவர் நேரத்தை முன்னதாகச் சொல்லிவிட்டால் எல்லோருடைய கணக்கும் பிசகும். டிஜிட்டல் இரட்டை துணைக்கு வருவது இங்கேதான்: 10.40 மணிக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்ட விமானத்தின் இறக்கையடியில் 10.38-க்கும் எரிபொருள் குழாய் இணைந்திருப்பதைக் கேமரா கண்டு சொல்லிவிட்டால், வரிசையில் அதன் இடம் ஆயத்தமாக உள்ள வேறொரு விமானத்துக்கு உரிய காலத்தில் கிடைக்கும்.

இந்தியாவில் ஹைதராபாத் விமான நிலையம் 2024-இல் செயற்கை நுண்ணறிவோடு இணைந்த டிஜிட்டல் இரட்டையைத் தன் செயல்பாட்டு மையத்தில் புகுத்தியது. மூடுபனியால் புறப்பாடுகள் குறைந்தால் எந்த நிறுத்துமிடம் நிரம்பும், பாதுகாப்புச் சோதனையில் இன்னொரு வாயிலைத் திறந்தால் கூட்டம் எவ்வளவு விரைவில் கரையும் என்பவற்றை, மெய்யான பயணியரைச் சோதனைப் பொருளாக்காமல் இத்தகைய இரட்டையிடம் கேட்டறிய முடியும்.

ஆயினும், இரட்டை தனக்கு ஊட்டப்படும் தரவின் அளவுக்கே அறிவுடையது. கடந்த கால நிகழ்வுகளிலிருந்து கற்ற கணிப்பு, முன்பு காணாத நாளில் தடுமாறவும் கூடும். எனவே, விமான நிலையங்கள் கணினிகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும், பிந்தும் என்பதை மறைக்காமல் சொல்லும் பணியாளரைத் தண்டிக்காத பணிச்சூழலை வளர்ப்பதற்கும் செலவிட வேண்டும். வெயிலில் நின்று சக்கரக்கட்டையை எடுப்பவர் அச்சமின்றிச் சொல்லும் உண்மையான நேரம்தான், அந்த இரட்டைப் பிறவிக்கு உயிரூட்டுகிறது.