நாசிக் ஒயின் தோட்டத்துக்கு ஒரு நாள் பயணம்: ஸ்டியரிங்கில் யார்?

2026ஆம் ஆண்டுக் காலண்டரில் குடியரசு தினம் திங்கட்கிழமை, சுதந்திர தினம் சனிக்கிழமை, காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை. மும்பையிலும் புனேயிலும் வேலை பார்க்கிற நம்மவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் "நாசிக் போயிட்டு வரலாமா?" என்ற பேச்சு கிளம்ப இதைவிடத் தோதான நாட்கள் இல்லை. ஆனால் இந்த மூன்றும் மகாராஷ்டிரத்தில் டிரை டே. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம், சாப்பிடலாம், கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கலாம். ஒயின் ஊற்ற மாட்டார்கள், பாட்டிலும் விற்க மாட்டார்கள். விடுமுறை நாள் என்பதற்காகவே கிளம்பி, அதே காரணத்தால் வெறும் கையோடு திரும்புகிறவர்கள் உண்டு.

டிரை டே இந்த மூன்றோடு முடிவதில்லை. ஆஷாட ஏகாதசி போன்ற பண்டிகை நாட்கள் உண்டு. சட்டம் ஒழுங்கு காரணமாக மாவட்ட ஆட்சியர் தனியாக அறிவிக்கும் நாட்கள் உண்டு. தேர்தல் வந்தால், வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் அந்தத் தொகுதியில் மது விற்கவோ பரிமாறவோ கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் தோட்டத்துக்குப் போன் செய்து, "அன்று டேஸ்டிங் உண்டா?" என்று நேராகவே கேளுங்கள். "திறந்திருக்கிறோம்" என்ற பதில் போதாது. குடியரசு தின வார இறுதி என்றால் சனிக்கிழமை போய்விட்டு வருவது நல்லது.

ஜனவரிக்கு இவ்வளவு கிராக்கி வருவதற்குக் காரணம் விடுமுறை மட்டும் இல்லை. நாசிக்கில் திராட்சைக் கொடியை ஏப்ரலில் ஒரு முறையும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மறுமுறையும் கவாத்து செய்கிறார்கள். அறுவடை ஒரே தடவைதான், ஜனவரி முதல் மார்ச் வரை. கொடியில் குலை தொங்குவதையும், தொட்டியில் இறங்கிக் காலால் பழம் மிதிப்பதையும் பார்க்க அப்போதுதான் போக முடியும். கங்காபூர் அணைப் பக்கம் சுலா, யார்க், சோமா, திண்டோரியில் ஷாந்தோன், இகத்புரி வட்டாரத்தில் குரோவர் ஜம்பா, வலோன். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். விடுமுறை நாள் மதியம் கங்காபூர் சாலையில் வண்டி ஊர்வதைப் பார்த்தால், ஒரு நாளைக்கு இரண்டு தோட்டத்துக்கு மேல் திட்டம் போடுவது வீண் ஆசை என்று புரியும்.

எந்தத் தோட்டம், எந்த ஒயின், எந்த மேசை என்று மணிக்கணக்கில் பேசுகிற குரூப்பில், யார் வண்டி ஓட்டுவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. "போகும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். நிஜமான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

டேஸ்டிங் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதலில் வெள்ளை ஒயின், பிறகு ரோஸே, பிறகு ஷிராஸ் போன்ற சிவப்பு, கடைசியில் இனிப்பாக ஒன்று. ஒவ்வொன்றும் கிளாஸின் அடியில் கொஞ்சூண்டு. சுழற்றி, முகர்ந்து, உறிஞ்சச் சொல்லிக் கொடுப்பார்கள். இடையில் ஒரு பிஸ்கெட். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். குடித்த மாதிரியே இருக்காது. ஆனால் ஆறு வகை, வகைக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டாலே 180 மில்லி ஆகிறது. மதியச் சாப்பாட்டோடு 150 மில்லியில் ஒரு கிளாஸ். மொத்தம் 330 மில்லி. லேபிளில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால், உடம்புக்குள் போனது ஏறத்தாழ 34 கிராம் ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு, முதல் வாய் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் 100 மில்லி ரத்தத்தில் தோராயமாக 40 மில்லிகிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 70ஐத் தாண்டிவிடும்.

இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் அளவு 30. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது 80. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன், "ரெண்டு கிளாஸ் ஒண்ணும் பண்ணாதுடா, நான் அங்க ஓட்டிருக்கேன்" என்று சாவியைக் கேட்டால், இந்த இரண்டு எண்ணையும் அவரிடம் சொல்லுங்கள். காப்பி குடிப்பது, முகம் கழுவுவது, எலுமிச்சை கடிப்பது எதுவும் இந்த அளவைக் குறைக்காது. மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் கல்லீரல்தான் குறைக்க வேண்டும். மேலே சொன்ன பெண் 30க்குக் கீழே வர இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும்.

துப்பலாமே என்று சிலர் கேட்பார்கள். துப்புங்கள், தப்பே இல்லை. மேசையில் அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் அதில் துப்பிவிட்டுத்தான் அடுத்த கிளாஸை எடுக்கிறார்கள். நம் ஆட்கள்தான் காசு கொடுத்ததைத் துப்புவதா என்று கூச்சப்படுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் ஒரு வாய்கூட வேண்டாம்.

வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னால் மறுக்காதீர்கள். மறுப்பதே கைதுக்குக் காரணமாகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடித்தவரை ஓட்டத் தூண்டியவருக்கும் அதே தண்டனை உண்டு என்கிறது 188ஆம் பிரிவு. "நீயே ஓட்டுப்பா, பக்கம்தானே" என்று சாவியைக் கொடுப்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சட்டம் உங்களுக்கும் சில உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. இந்தக் குற்றத்துக்காகப் பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. கருவி காட்டிய எண்ணை உங்களிடம் காட்டச் சொல்லிக் கேட்கலாம். இது நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு. நடுரோட்டில் ரசீது இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு முடித்துவைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. யாராவது கேட்டால் மகாராஷ்டிர லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண் இருக்கிறது. ஆனால் நீங்களே முந்திக்கொண்டு நோட்டை நீட்டினால் நீங்களும் குற்றவாளிதான்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில் விழும். ஓட்டுநர் போதையில் இருந்தார் என்றால் சொந்த வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். மூச்சுப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும், சூழ்நிலையை வைத்தே போதையை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு டெல்லி விபத்து வழக்கில் சொல்லிவிட்டது. "ஊதவே சொல்லலியே" என்ற வாதம் அதோடு போயிற்று. அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உயர் நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. வசூல் என்று வந்தால் அது வீட்டைத் தேடி வரும். உயிரே போய்விட்டால் வெறும் கவனக்குறைவு வழக்கோடு நிற்கும் என்று நம்ப வேண்டாம். 2006இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர், குடித்துவிட்டு ஓட்டிய கார் ஏறி இறந்த வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான மூன்று ஆண்டு சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012இல் உறுதி செய்தது.

சரி, என்ன செய்யலாம்? குடிக்காத ஒருவர் குழுவில் இருந்தால் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சாப்பாட்டுக் காசை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் நியாயம். இல்லையென்றால் மும்பையிலிருந்து காலை ரயிலில் நாசிக் ரோடு போய், அங்கே நாள் முழுக்க ஒரு டாக்சி பேசி, இரவு ரயிலில் திரும்பலாம். ஷீரடி வந்தே பாரத் இந்தக் கணக்குக்குச் சரியாக வரும். விடுமுறை வாரம் என்றால் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும். ஷீரடி தரிசனத்துக்கு வரும் தமிழ்நாட்டுக் குழுக்களும் இப்போது ஒரு நாளை நாசிக்குக்கு ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கும் நாள் வாடகை டாக்சிதான் உத்தமம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தோட்ட வாசலில் நின்று ஆப்பில் வண்டி தேடினால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டாக்சி பேசும்போது நம்பர் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நீங்களே ஓட்டும் வாடகைக் கார். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த ரேட்டுக்குப் பேசினால், சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். கிலோமீட்டர் எவ்வளவு, டோல் யார் கட்டுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, இதெல்லாம் மெசேஜில் எழுத்தாக இருக்கட்டும். ஓட்டுநருக்கும் "ஒரு கிளாஸ் சாப்பிடுங்கண்ணே" என்று யாரும் அன்பு காட்ட வேண்டாம்.

விபத்து என்றால் 112, ஆம்புலன்ஸுக்கு 108. சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை என்ற மத்திய அரசுத் திட்டம் 2025 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்மிஷனுக்கு முன்பணம் கேட்டால் இந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

தோட்டத்துக்குள் வரும் தகராறுகள் சின்னவை, ஆனால் எரிச்சலானவை. பணம் கட்டிப் பதிவு செய்த நேரத்துக்குப் போனால் கூட்டம் என்று இரண்டு மணி நேரம் நிற்க வைப்பார்கள். சுற்றிக் காட்டுவதாகச் சொன்னது ரத்தாகியிருக்கும். பணம் திருப்பித் தர முடியாது என்று ஒரு போர்டைக் காட்டுவார்கள். நீங்கள் போகாமல் விட்டால் அந்த போர்டு பேசலாம். அவர்கள் தர வேண்டிய சேவையைத் தராதபோது அது சேவைக் குறைபாடு. போர்டு அதை மறைக்காது. பதிவு உறுதி, பணம் கட்டிய ரசீது, வரிசையில் நின்ற நேரத்தோடு ஒரு போட்டோ, இவை கையில் இருக்கட்டும்.

பில்லிலும் கண் வையுங்கள். மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது; சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி., ஒயினுக்கு வாட் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். சீல் வைத்த பாட்டிலைக் கடையில் வாங்கினால் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். ஆனால் மேசையில் அமர்ந்து அதையே ஆர்டர் செய்தால் கதை வேறு. அங்கே பரிமாறும் சேவையும் சேர்வதால் எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஓட்டல்களுக்குச் சாதகமாகச் சொன்னது.

பேசியும் தீராவிட்டால் முதலில் தோட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாசிக் வரை அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அது சென்னையானாலும் மதுரையானாலும், வழக்குப் போடலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கடைசியில் டிக்கியில் ஏற்றும் பாட்டில்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், பாட்டிலைத் திறக்காமல் கொண்டு போங்கள். மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு மாநிலத்தில் முறையாக வாங்கிய பாட்டில் அடுத்த மாநில எல்லையில் குற்றப் பொருளாகலாம். 24 சதவீதத்துக்குக் குறைவான மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை என்பதை நம்பிப் பெட்டி நிறைய வாங்காதீர்கள். இறங்கும் மாநிலத்தின் மதுவிலக்கு, ஆயத்தீர்வை விதி தனி. முன்கூட்டியே அந்தத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி நாசிக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விடுமுறையில் இன்னொரு நாள் மிச்சம் இருந்தால் பலரும் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள சாபுதாரா மலைக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். சாபுதாரா இருப்பது குஜராத்தில், அங்கே மதுவிலக்கு. பெர்மிட் இல்லாமல் டிக்கியில் ஒரு பாட்டில் இருந்தாலும் எல்லைச் சோதனையில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் தோட்டத்தில் பாட்டில் வாங்காதீர்கள்.